கண்ணுள் நிற்கும் பாவை

ஆங்கிலத்தில் 'பியூப்பில்' என்னும் சொல் மாணவரையும் குறிக்கும். கண்ணின் நடுவே அமைந்த கரிய வட்டத்தையும் குறிக்கும். மாணவர் ஆசிரியருக்குக் கண்மணி போன்றவர் ஆதலின் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கலாயிற்று என்று விழா மேடைகளிற் பேசக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையான விளக்கந்தான். ஆயினும் சொல்லின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

இலத்தீனில் 'பூபா' என்றால் சிறுமி. பொம்மை என்பதும் அதற்குப் பொருள். அதன் குறுமை வடிவம் 'பூபில்லா'. உரோமானியச் சட்டத்தில் தந்தையை இழந்து, காப்பாளர் ஒருவரின் பொறுப்பில் வளரும் சிறுவனைப் 'பூபில்லுஸ்' என்றும், சிறுமியைப் 'பூபில்லா' என்றும் வழங்கினர். காப்பாளரின் கீழ் வளர்பவர் என்னும் பொருளே ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது. ஆசிரியரின் கீழ்ப் பயில்பவர் என்னும் பொருள் அதன்பின் கிளைத்தது. ஆக, மாணவரைக் குறிக்கும் அச்சொல்லின் அடியில் நிற்பது ஒரு யதீம் பிள்ளை. அனாதைச் சிறார்க்கு ஊணும் உறையுளும் அளித்துக் கல்வியும் அளிப்பதை அறமெனக் கொண்ட நம் பெரியோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. கண்ணின் கரிய வட்டத்துக்கு 'பூபில்லா' என்னும் பெயர் வந்த வழியோ வேறு. அவ்வழியைத் தேடிச் சென்றதில் எனக்குச் சில ஆண்டுகள் இனிமையாகக் கழிந்தன.

ஒருவர் கண்ணை மற்றொருவர் நெருங்கி நின்று நோக்கினால், அக்கரிய வட்டத்துள் நோக்குபவரின் உருவம் மிகச் சிறிதாகத் தெரியும். தலையும் தோளும் கூடிய ஒரு குட்டி உருவம். அதனைக் கண்ட இலத்தீன் மக்கள் 'சின்னப் பொம்மை' என்றனர். அவர்க்கு முன்பே கிரேக்கர் 'கோரே' என்றனர். சிறுமி, பாவை என்பன அதன் பொருள். பிளாட்டோவின் பெயரால் வழங்கும் 'அல்கிபியாடீஸ்' என்னும் உரையாடலில் சாக்ரடீஸ் இதனையே சான்றாகக் காட்டுகிறார். பிறர் கண்ணை நோக்குபவன் ஆடியிற் போலத் தன் முகத்தையே அதன் கோரேயிற் காண்கிறான். அதுபோல உயிர் தன்னை அறிய வேண்டின் மற்றோர் உயிரை நோக்க வேண்டும் என்பது அங்கே அவர் நிறுவ முயலும் கருத்து.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழிற் 'பாவை' என்னும் சொல்லின் வீச்சு பெரிது. மரத்தாலும் மண்ணாலும் தோலாலும் செய்த உருவம் பாவை. தோற்பாவைக் கூத்திலும், பாவை விளக்கிலும், கொல்லிப்பாவையிலும் இருப்பது அதுவே. அப்பாவைபோல் அழகிய பெண்ணும் பாவை. கண்ணின் கருமணிக்குள் தெரியும் உருவும் பாவை. ஆகுபெயராய் அம்மணியும் பாவை. திருக்குறளின் காமத்துப்பாலில் 'காதற் சிறப்புரைத்தல்' என்னும் அதிகாரத்தின் மூன்றாங் குறள் இந்நுட்பத்தின்மேலேயே கட்டப்பட்டது. தலைவன் தன் கண்ணின் கருமணியில் உள்ள பாவையை விளித்து, நீ எழுந்து போய்விடு, என் காதலிக்கு இங்கே இடம் போதவில்லை என்று கூறுகிறான். ஒரு பாவை இருக்க மற்றொரு பாவைக்கு இடமில்லை. இருபொருளும் ஒருசேர நில்லாவிடின் அக்குறளின் சுவை பாதியாகிவிடும். வகுப்பில் இதனை நடத்தும்போது கடைசி வரிசை மாணவர்கள்கூடப் பக்கத்திலிருப்பவர் கண்ணை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுவர். நான் தடுப்பதில்லை. உரையாசிரியர் பத்துப் பேர் கூடினும் விளக்க இயலாததை அந்த ஒரு நொடி விளக்கிவிடும்.

பாவைக்கு உடன்பிறந்த சொல் 'பாப்பா'. குழந்தையைக் குறிக்கும் அதே சொல்லைக் கண்மணிக்கும் நம்மவர் வழங்குவர். தெலுங்கில் கண்மணியைக் 'கனுபாப' என்பர். கண்ணின் குழந்தை என்பது பொருள். கன்னடத்துப் 'பாபெ' பொம்மையையும் கண்மணியையும் ஒருங்கே குறிக்கும். மலையாளத்திற் 'பாவ' என்றால் பொம்மை. கண்மணிக்கு அவர்கள் 'கிருஷ்ணமணி' என்று கூறி நிறத்தோடு அமைந்துவிட்டனர்.

வடமொழியில் 'கனீனிகா' என்பது கண்மணி. சிறுமியைக் குறிக்கும் 'கன்யா'வோடு அது உறவுடையது. பொம்மையைக் குறிக்கும் 'புத்தலிகா' என்னும் சொல்லின் வழிவந்தது இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'புத்லி'. கயிற்றில் ஆடும் மரப்பொம்மை 'கட்புத்லி'. கண்ணில் நிற்பது 'ஆங்க் கீ புத்லி'. பாரசீகத்தில் 'மர்தும்' என்றால் மக்கள், 'மர்துமக்' என்றால் குட்டி மனிதன். கண்மணிக்கு அதுவே பெயர். எபிரேய மொழியில் மனிதனைக் குறிக்கும் 'ஈஷ்' என்னும் சொல்லோடு சேர்த்து 'ஈஷோன்' என்பர். அங்கும் குட்டி மனிதனே. இசுப்பானியர் இன்றும் 'கண்ணின் சிறுமி' என்றுதான் பேச்சில் வழங்குகின்றனர். சீன எழுத்தில் கண்மணியைக் குறிக்கும் வடிவத்தில், கண்ணைக் காட்டும் உறுப்புக்குப் பக்கத்திற் சிறுவனைக் குறிக்கும் எழுத்து நிற்கிறது. அஃது ஒலிக்காக வைக்கப்பட்டது என்பாரும் உளர். இருக்கட்டும், இடம் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

அரபு மொழியில் கண்மணிக்கு வழங்கும் பெயர்களுள் 'இன்ஸானுல் ஐன்' என்பது தலையாயது. இன்ஸான் என்பது மனிதன். ஐன் என்பது கண். கண்ணின் மனிதன். கருவிழியிற் காணப்படும் உருவமே அது என்று பழைய அரபு அகராதிகள் ஐயத்துக்கு இடமின்றிப் பொருள் தருகின்றன. கி.பி. 1240இல் மறைந்த இபுனு அரபி இச்சொல்லின் இரட்டைப் பொருளைக்கொண்டு, மனிதன் படைப்பிற் பெற்ற இடத்தை விளக்கினார். கண்ணுக்கு இன்ஸான் எப்படியோ அப்படியே படைப்புக்கு மனிதன் என்னும் போக்கில் அமைந்தது அவர் சிந்தனை. அதன் ஆழத்துக்குள் இறங்கும் தகுதி மொழியாசிரியனாகிய எனக்கு இல்லை. சொல் செய்யும் வேலையை மட்டும் சுட்டி அமைகிறேன்.

'ஐன்' என்னும் சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அரபியில் அது கண்ணையும் குறிக்கும், நீரூற்றையும் குறிக்கும். பாரசீகத்தில் 'சஷ்ம்' கண், 'சஷ்மா' ஊற்று. நாம் 'ஊற்றுக்கண்' என்கிறோம். வறண்ட நிலத்தில் திடீரென ஈரமாய் மின்னும் ஒரு புள்ளியைக் கண்டவர் எந்நாட்டவராயினும் கண் என்று சொல்லியிருப்பர் போலும்.

இவ்வளவு மொழிகளும் ஒத்துப் பேசக் காணும்போது எழும் வினா ஒன்று உண்டு. யார் யாரிடம் கடன் வாங்கினர்? இவ்வினாவைக் கேட்டவுடனே நம்மில் இரு சாரார் எழுந்துவிடுவர். தமிழின் பாவையே உலகெங்கும் போயிற்று என்பார் ஒரு சாரார். அரபு மருத்துவர் வழியாகவே எல்லாம் மேலை நாட்டுக்குச் சென்றன என்பார் மற்றொரு சாரார். இருவரும் என் அன்புக்குரியவர்கள். முதற் சாராரோடு ஒரே துறையில் அமர்ந்து தேநீர் அருந்துகிறேன். இரண்டாஞ் சாராரோடு ஒரே வரிசையில் நின்று தொழுகிறேன். எனினும் இருவர் கூற்றும் இச்சொல்லளவிற் பொருந்தா என்பதே என் துணிபு.

கடன் வாங்கிய சொற்கள் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணே நமக்குக் காட்டுகிறது. பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இபுனு இஸ்ஹாக் (கி.பி. 809–873) கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களை அரபியாக்கியதோடு, கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் அடங்கிய நூலொன்றும் யாத்தார். அதனை மாக்ஸ் மையர்ஹோப் என்னும் மருத்துவ அறிஞர் 1928இல் கெய்ரோவிற் பதிப்பித்தார். விழியின் முன்புறத் தெளிபடலத்தைக் கிரேக்கர் 'கொம்பு போன்றது' என்றனர். அரபியர் கொம்பைக் குறிக்கும் 'கர்ன்' என்னும் சொல்லால் 'கர்னிய்யா' என்றனர். இலத்தீனர் அதனையே பெயர்த்துக் 'கார்னியா' என்றனர். உள்ளே ஒளியை வாங்கும் படலத்தைக் கிரேக்கர் வலைக்கு ஒப்பிட்டனர். வலை அரபியிற் 'ஷபகா' ஆதலின் 'ஷபகிய்யா' ஆயிற்று. பிறகு 'ரெட்டினா' ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் அமர்ந்து இபுனு ஸீனாவின் 'கானூன்' முதலிய நூல்களை இலத்தீனாக்கிய ஜெரார்டு போன்றோர் கைவழி இச்சொற்கள் சென்றன. நிறமுடைய படலம் திராட்சைத் தோல் போன்றது என்பதும் இவ்வாறே மும்மொழியிலும் அடி பிசகாமல் நடந்தது. கொம்பு கொம்பாகவே போயிற்று. வலை வலையாகவே போயிற்று. திராட்சை திராட்சையாகவே போயிற்று. நூல்வழிப் பயணம் என்பது அதுதான்.

கண்புரையின் பெயரோ இன்னும் சுவையானது. மூளையிலிருந்து ஏதோ ஒரு நீர் இறங்கி மணிக்குப் பின்னே உறைவதால் பார்வை மங்குகிறது என்று அக்கால மருத்துவர் எண்ணினர். ஆகவே அரபியில் 'நீர் இறங்குதல்' என்றனர். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே காசினோ மடத்தில் இருந்து மொழிபெயர்த்த கான்ஸ்டன்டைன், அதற்கு நீர்வீழ்ச்சியைக் குறிக்கும் சொல்லை இட்டார். 'காட்டராக்ட்' பிறந்தது. நீரும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. கண்ணினுள் இருக்கும் வில்லையே கலங்கிப்போகிறது என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. கருத்து மடிந்தும் பெயர் வாழ்கிறது.

ஆனாற் கண்மணி அப்படி நடக்கவில்லை. கிரேக்கர்க்கு அது சிறுமி. அதிலிருந்து அரபியர் பெயர்த்திருந்தால் அரபியிலும் சிறுமியாக அன்றோ இருக்க வேண்டும்? அரபியில் மனிதன் நிற்கிறான். பாரசீகத்திற் குட்டி மனிதன், தெலுங்கிற் குழந்தை, தமிழிற் பாவை. மருத்துவ நூலோர் தேவைப்பட்டவிடத்து அதனை வெறுந் 'துளை' என்றே எழுதினர், அதுவே உண்மையும்கூட. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இபுனுல் ஹைத்தம் தம் ஒளியியல் நூலிற் பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று நிறுவியபின், ஒளி புகும் வாயிலாகிய அத்துளையின் சிறப்பு விளங்கிற்று. நாம் 'மணி' என்கிறோம். ஆங்கிலேயர் 'கண்ணின் ஆப்பிள்' என்கின்றனர். இரண்டும் அங்கே ஒரு திண்ணிய உருண்டை இருப்பதாக நினைத்து இட்ட பெயர்கள். உண்மையில் அங்கே இருப்பது ஒன்றுமில்லாமை. 1949இல் இத்தாலிய மொழியியலார் கார்லோ தல்யாவினி இப்பெயர்களை உலகின் பல்வேறு மொழிக் குடும்பங்களிலிருந்தும் திரட்டிக் காட்டினார். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மக்கள் ஒன்றையே கண்டிருக்கின்றனர்.

கண்டவர் யார்? புலவரோ மருத்துவரோ முதலிற் கண்டிருப்பர் என்று நான் நினைக்கவில்லை. பிறர் கண்ணில் தன் உருவத்தைக் காண வேண்டுமாயின் ஒரு முழத்துக்குள் நெருங்க வேண்டும். அந்நெருக்கம் வாய்ப்பவர் சிலரே. தாயும் பிள்ளையும் அவருள் முதல்வர்.

என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. திருக்குர்ஆனை ஓதுவார்கள், அரபு எழுத்திலே தமிழை எழுதும் அரபுத்தமிழில் அமைந்த சில ஏடுகளையும் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். திருக்குறளை அவர்கள் கேட்டதில்லை. கிரேக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிறு வயதில் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது முகத்தைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பி, "என் கண்ணுக்குள்ளே ஒரு சின்னப் பிள்ளை இருக்கான், பார்த்தியா வாப்பா? அது நீதான்" என்பார்கள். உற்றுப் பார்ப்பேன். இருப்பான். அவன் எப்படி உள்ளே போனான் என்று கேட்டால், வெளியே விட்டால் ஓடிவிடுவான் என்று வைத்திருப்பதாக விடை வரும். சாக்ரடீஸையும் வள்ளுவரையும் பிற்காலத்திற் படித்தபோது, இவர்களும் உம்மாவைப் போலவே பேசுகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

நம் மக்களின் வழக்கில் 'கண்மணி' என்பது எவ்வளவு உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். நபிகளாரைக் 'கண்மணி நாயகம் (ஸல்)' என்றே தமிழ் முஸ்லிம்கள் வாய் நிறைய அழைக்கின்றனர். திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயம் 74ஆம் வசனம் மனைவியரையும் மக்களையும் பற்றிய இறைஞ்சுதலிற் 'குர்ரத்த அஃயுன்' என்னும் தொடரை வழங்குகிறது. கண்களின் குளிர்ச்சி என்பது அதன் பொருள். குர்ரத்துல் ஐன் என்று பெண்மக்களுக்குப் பெயரும் இடுகிறோம். 'கண் குளிரக் கண்டேன்' என்று தமிழ் தானாகவே பேசுகிறது. வெப்ப நாட்டார் இருவர் குளிர்ச்சியை இன்பமாகக் கொண்டதில் வியப்பென்ன?

உம்மாவுக்கு எழுபது கடந்தபின் பார்வை மங்கிற்று. ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. பிறகு ஓதும்போது வரி தவறிற்று. பிறகு வாசலில் வருபவரைக் குரலால் அறியத் தொடங்கினார்கள். புரையை நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று ஊரார் சொன்னார்கள். மருத்துவர் விழியின் அழுத்தத்தை அளந்தார். மணியை விரியச் செய்யும் மருந்திட்டு உட்புறத்தை நெடுநேரம் நோக்கினார். புரை இருப்பது மெய். ஆனால் அதனோடு கண்ணீரழுத்த நோயும் இருக்கிறது, பார்வை நரம்பு பெரும்பகுதி பட்டுப்போய்விட்டது, போன நரம்பு மீளாது என்றார். மிகவும் பொறுமையாக, ஒரு தாளில் விழியை வரைந்து காட்டி விளக்கினார். அத்தாளில் கார்னியாவும் ரெட்டினாவும் எனக்குத் தெரிந்த சொற்களாகவே இருந்தன. கொம்பு, வலை என்று மனம் தானாகப் பெயர்த்துக்கொண்டே போயிற்று. நரம்பு என்று அவர் கோடிட்ட இடத்தில் எனக்கு எந்தச் சொல்லாராய்ச்சியும் நினைவுக்கு வரவில்லை.

அதன்பின் இரண்டு ஆண்டுகளில் வெளிச்சமும் இருளும் மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை.

அக்காலத்தில் ஒரு வினா என்னை உறுத்திக்கொண்டிருந்தது. பாராத கண்ணில் பாவை நிற்குமா? விடை இயற்பியலில் இருந்தது. கண்ணில் நாம் காணும் அச்சிற்றுருவம் மணிக்குள்ளிருந்து வருவதன்று. விழியின் முன்னுள்ள வளைந்த தெளிபடலம் குவியாடி போல வேலை செய்து அதனைத் தோற்றுவிக்கிறது. 1823இல் இதனை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யேவின் பெயரால் அத்தகைய பிம்பங்கள் வழங்குகின்றன. அப்படலத்தின் வளைவு ஆரம் ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் தொலைவில் நிற்கும் முகம் அதில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கித் தெரியும். நல்ல வெளிச்சத்தில் மணியின் விட்டம் 2 முதல் 4 மில்லிமீட்டர். எனவே முகம் சட்டத்துள் அமைத்த படம்போல் மணிக்குள் பொருந்துகிறது. பின்னணி கருமையாதலின் துலங்குகிறது. படலம் தெளிவாகவும் ஈரமாகவும் இருந்தாற் போதும். பின்னாலுள்ள நரம்பு உயிரோடு இருக்கிறதா, பட்டுப்போயிற்றா என்பது பாவைக்குத் தெரியாது.

சரக சங்கிதை இவ்வுண்மையின் மறுபுறத்தை அறிந்திருந்தது. நோயாளியின் கண்ணிற் காணவேண்டிய 'குமாரிகா', அதாவது அந்தச் சிறுமி, மறைந்துபோனாள் எனின் அவனுக்கு மருத்துவம் செய்ய விரும்பற்க என்று அந்நூலின் இந்திரிய ஸ்தானம் மருத்துவனை அறிவுறுத்துகிறது. உயிர் ஒடுங்கும்போது இமைக்காத விழியின் படலம் உலர்ந்து மங்கும்; மங்கிய ஆடியில் உருவம் விழாது. பார்வை போவதற்கும் பாவை போவதற்கும் நடுவே இவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை அவ்வேட்டில் படித்த அன்று, நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன்.

வலி வாராதிருக்க இரவுதோறும் உம்மாவின் கண்ணிற் சொட்டு மருந்து இட வேண்டும். அது என் வேலை. ஒரு கையால் கீழிமையைத் தாழ்த்தி, மறு கையிற் குப்பியைப் பிடித்துக் குனிந்தால் முகங்கள் இரண்டும் ஒரு சாணுக்குள் வந்துவிடும். சிறு வயதுக்குப் பின் அவ்வளவு அருகில் நாங்கள் இருந்ததில்லை. விளக்கொளியில் அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஏதோ ஒன்றை ஏந்திக்கொண்டு, குனிந்தபடி. நான் தாமதிப்பதை எப்படி அறிந்தார்களோ, "என்ன வாப்பா பார்க்கிறே?" என்று கேட்டார்கள்.

"உங்க கண்ணுக்குள்ளே ஒரு பிள்ளை இருந்தானே உம்மா, அவனைத்தான்."

"இன்னும் இருக்கானா?"

"இருக்கான். தாடிதான் நரைச்சுப் போச்சு."

உம்மா சிரித்தார்கள். சிரித்ததில் இமை மூடிக்கொண்டது. இட்ட சொட்டுக் கன்னத்தில் வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடியும் ஒரு சொட்டு இட்டேன்.